பின் லைட்டைத் திட்டிய வருஷங்கள்

இன்றைக்குக் காலையில் நிவித்திகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு வேன் எனக்கு முன்னால் வந்து நின்றது. இடது பக்கம் திரும்பப் போகிறான். சிக்னல் லைட் நிதானமாக அடிக்காமல் படபடவென்று அடித்துக்கொண்டது. "பின்னால ஒரு பல்ப் போயிருச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஊரார் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுக்கிறவளுக்கு வேன் பல்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பாள். உங்களைக் கட்டிக்கொண்டு நான் கண்ட லாபம் இந்தப் படிப்புதான் என்று முன்பென்றால் கிண்டல் பண்ணியிருப்பேன். இன்று கிண்டல் வரவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த அந்தப் பழைய காரை நீங்கள் வாங்கி வந்த அன்று, லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் மேட்டு ரோட்டுக்கு ஏறி வந்து பார்த்தது. தோட்டத்து லொறி ஓட்டுகிற வேலை போக மிச்ச நேரத்தில் வாடகைக்கு ஹயர் ஓடலாம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகலாம் என்று பேச்சு. முன்பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம்தான் உயிரை வாங்கியது. பிரேக்கை மிதித்தால் சிக்னல் லைட்டும் மங்கலாகச் சேர்ந்து எரியும். சிக்னல் போட்டால் பார்க் லைட்டும் கூடவே கண் சிமிட்டும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டால் பின்னால் ஒன்றுமே எரியாது. "இது காரு இல்லீங்க, லைட்டு மின்னுற வெசாக் பந்தல்" என்று நான் சொன்னதற்கு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

ஓட்டுகிறவருக்குத் தன் பின்பக்கம் தெரியாதே. நீங்கள் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் பின்னால் நின்று சொல்ல வேண்டும்.

"எரியுதா புள்ள?"

"பீச்சாங்கைப் பக்கம் எரியுது. மத்தது செத்துருச்சு."

"இப்ப?"

"இப்ப ரெண்டும் எரியுது. ஐயோ, இல்ல, நின்னுருச்சு."

"ஒழுங்கா பாத்துச் சொல்லு."

"ஒழுங்கா எரிஞ்சாத்தானே ஒழுங்கா சொல்றதுக்கு!"

நீங்கள் பல்பை மாற்றினீர்கள், ஃபியூஸை மாற்றினீர்கள், இரத்தினபுரிக்குப் போய் சிக்னல் அடிக்க வைக்கிற அந்தச் சின்ன டப்பாவையும் புதிதாக வாங்கி வந்து போட்டீர்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மழை பெய்ததும் பழைய குருடி கதைதான். கராஜில் காட்டுங்கள் என்று சொன்னால் ரோஷம் வந்துவிடும். "என் வண்டி, நானே பாத்துக்குவேன்" என்பீர்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பின் லைட் இரண்டுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தது நான்தான். வலது பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியில் ஒரு மூலை உடைந்து ஓட்டையாக இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்து அந்த ஓட்டையை அடைத்தேன். அப்போது வயிற்றில் எட்டு மாதம். பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

பூஜை முடிந்து சில நாளில், மாதம் நிறையும் முன்பே வலி கண்டது. மிட்வைஃப் அம்மா வந்து வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். உங்களை வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்கிறார் என்று மட்டும் வந்து சொன்னீர்கள். உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. மழை இருட்டு. நான் பின் சீட்டில் படுத்துக்கொண்டு, கார் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் உங்களைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

இரத்தினபுரிக்குக் கொஞ்ச தூரம் முன்னால் சோதனைச் சாவடி. யுத்த காலம். தமிழன் ஓட்டுகிற கார் பின்னால் வெளிச்சமே இல்லாமல் வந்தால் சும்மா விடுவார்களா? உங்களை இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கேட்டார்கள். டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். லைட்டை ஏன் அணைத்துக்கொண்டு வந்தாய் என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. "மாத்தயா, நோனாட்ட அமாருய்" என்று, மனைவிக்கு முடியாமல் இருக்கிறது என்று, நீங்கள் சிங்களத்தில் கெஞ்சினீர்கள். மழையில் குந்திக்கொண்டு அந்த லைட்டை உள்ளங்கையால் தட்டினீர்கள். ஒரு தட்டுக்கு எரிந்தது, அடுத்த தட்டுக்கு அணைந்தது. கடைசியில் ஒருவர் உள்ளே எட்டி என்னைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று நான் லயத்துக்குள் இறங்கவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, "இந்த லைட்டுதான் என் புள்ளைய தின்னுச்சு! ஒங்க லைட்டுதான்! கராஜுக்குக் கொண்டு போங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்!" என்று கத்தினேன். நீங்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். ஏதாவது மறுத்துப் பேசுவீர்கள் என்று நினைத்தேன். "ஆமா புள்ள" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வலது பக்க லைட்டை முழுதாகக் கழற்றினீர்கள். நானும் நின்றேன், உதவிக்கு இல்லை, பார்த்துத் திட்டுவதற்கு. பல்ப் செருகுகிற இடத்தில் மஞ்சளாக ஏதோ கட்டிப்போய் இருந்தது. திருப்புளியால் அதைச் சுரண்டினீர்கள். என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு அதை விரலில் நசுக்கி, உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, "துரு. வெறும் துரு" என்றீர்கள். சந்தனம் எது, துரு எது என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் அது துருவாக இருப்பதுதான் வசதியாக இருந்தது. இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

லைட்டைத் தாங்குகிற தகடு கார் உடம்போடு சேருகிற இடத்தில் நிஜமாகவே துரு ஏறியிருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை கொண்டு வந்தீர்கள். அங்கிருந்து பாடியில் ஒரு போல்ட்டுக்குத் தனியாக ஒரு வயரை இழுத்து முறுக்கினீர்கள். "பல்புல பழுதே இல்ல புள்ள. கரண்டு வயர்ல வந்து, காரு ஒடம்பு வழியா திரும்பிப் போவணும். அந்த வழிய துரு அடைச்சிருச்சு. போக வழியில்லாம அது அடுத்த வூட்டுக்குள்ள பூந்துருது. அதான் பிரேக்க மிதிச்சா சிக்னல் எரிஞ்சிருக்கு" என்றீர்கள். அன்றிலிருந்து அந்த லைட்டுகள் புதுக் கார் மாதிரி எரிந்தன. என் வாய் மட்டும் ஓயவில்லை. ஒவ்வொரு ஹயருக்கும் முன்னால் உங்களை உட்கார வைத்து, பின்னால் நின்று, எல்லா லைட்டையும் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். நன்றாக எரிந்தாலும், "அன்னைக்கு இப்பிடி எரிஞ்சிருந்தா" என்று ஒரு வார்த்தை போடுவேன். நீங்கள் அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

சின்னவள் பிறந்து வளர்ந்தது இந்தப் பேச்சைக் கேட்டுத்தான். அக்கா செத்தது அப்பா காரால் என்று அவளாகவா நினைத்தாள்? நான் ஊட்டியது. கொடகவெலயில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவள், கார்க் கதவுவரை வந்து நின்றுவிட்டாள். "நான் பஸ்ஸுல வாரேன். இந்தக் காருல ஏற மாட்டேன்" என்றாள். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு சந்திவரை நடந்தீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். அவளை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. சரிதான் என்றுகூட உள்ளுக்குள் நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. போன வருஷம் லொறியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்தபோது, உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அவள் பஸ்ஸில்தான் வந்தாள். வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன வாரம் உங்கள் வருஷத் திதி. மிட்வைஃப் அம்மா பென்ஷன் எடுத்துக்கொண்டு மகனோடு போய்விட்டவர், கேள்விப்பட்டு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "அன்னைக்கு மட்டும் அந்த லைட்டு எரிஞ்சிருந்தா, என் மூத்தவ இன்னைக்கு இருந்திருப்பாம்மா."

அவர் என்னையே பார்த்தார். "இன்னுமா அவரு ஒங்கிட்ட சொல்லல?"

"என்னத்த?"

"நான் குழல வச்சுக் கேக்கும்போதே வயித்துக்குள்ள சத்தம் இல்லம்மா. நீங்க வூட்ட விட்டுக் கௌம்பு முன்னமே புள்ள போயிருச்சு. முந்தின நாளே அசைவு நின்னுருக்கும், ஒன்னையாவது காப்பாத்துங்கன்னுதான் அவருகிட்ட சொல்லி அனுப்புனேன்."

முந்தின நாளே அசைவு குறைந்திருந்தது எனக்குத் தெரியும். பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

"பொறகாவது சொல்லுங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன் தெரியுமா? அவரு கேக்கல. 'அசைவு இல்லாதத அவ சொல்லாம இருந்துட்டா. இது தெரிஞ்சா தன்னையே தின்னுக்குவா. அவளுக்கு யாரையாச்சும் திட்டணும்லம்மா. நான் இருக்கேன்ல, என்னைய திட்டட்டும்' அப்பிடின்னாரு."

அப்படியானால் அன்று மழையில் குந்திக்கொண்டு அந்த லைட்டைத் தட்டினீர்களே, அப்போதே உங்களுக்குத் தெரியும். பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டுதான், எனக்காக மட்டும் கெஞ்சியிருக்கிறீர்கள். அந்த "ஆமா புள்ள"யும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறீர்கள். இத்தனை வருஷமும் ஒரு தப்பும் செய்யாத மனுஷனை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் கோபத்திலாவது சொல்லியிருக்கக் கூடாதா? உங்கள்மேல் எனக்கு இப்போது கோபமும் வருகிறது. அந்தக் கோபத்துக்கும் எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று சாயந்தரமே சின்னவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அசைவு குறைந்ததை நான் மறைத்ததையும், சந்தனத்தையும், ஒன்றையும் விடவில்லை. கழுவிய பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்ப அக்கா செத்தது அப்பாவால இல்லியா?"

"இல்ல."

தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்தாள். பிறகு கேட்டாள். "நான் அப்பிடி நெனச்சிக்கிட்டு இருந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் அன்று தூங்கியிருப்பாள். நீங்களாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். மறைத்து மறைத்து நம் வீட்டில் நடந்தது போதும் என்று எனக்குப் பட்டது.

"தெரியும்" என்றேன்.

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள். அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று ஒரு தடவை மட்டும் வெடித்தாள். "எல்லாம் ஒன்னாலதாம்மா. ஒன் வாயாலதான். நான் எங்கப்பா காருல ஒரு நாள்கூட ஆசையா ஏறலயே" என்று கத்தினாள். கேட்கக் கேட்க உயிர் போயிற்று. இந்த ஊரில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு எதிரில் எதையோ பேசுகிறார்கள், நீயும்தானே காரில் ஏறாமல் அடம்பிடித்தாய் என்று திருப்பிச் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படி ஒன்று சொல்லிவிட்டால் மீதி வாழ்க்கைக்கும் அவள் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள்.

"ஆமா புள்ள" என்றேன். திட்டட்டும். நான் இருக்கிறேன்.