உடையாத மீன் பெட்டி

2025 மார்ச் 11, செவ்வாய். இரவு 9.40. வெள்ளவத்தை. இருபத்துமூன்றாவது கலவை.

உடையவில்லை!

எங்கள் இரத்மலானைத் தொழிற்சாலையின் பிளாஸ்டிக் மீன் பெட்டிகள் ஐஸ் போட்டதும் விறைத்து, கீழே விழுந்தால் வெடித்துப் பிளக்கும். ரப்பர் கலந்தும் பயனில்லை. பிளாஸ்டிக்கோடு சேராமல் அது தனியே நின்றது. இந்த முறை உருக்கும்போதே கொஞ்சம் பெரொக்சைட் சேர்த்து, இரண்டையும் இரசாயன முறையில் பிணைத்தேன். இதுவும் வெடித்தால் பரிசோதனையை நிறுத்து என்று முதலாளி சொல்லியிருந்தார்.

காலையில் பெட்டியைப் பேலியகொடை மீன் சந்தைக்குக் கொண்டுபோனேன். ஆய்வுகூட அறிக்கையை நீட்டினேன். மீன் வியாபாரி நசீர் நானா அதில் ஈரக் கையைத் துடைத்தார்.

"பேப்பர் என்னத்துக்கு தம்பி? எறிஞ்சு பாப்போம்."

ஐஸும் மீனும் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்து, லொறி மேலிருந்து அவரே தள்ளிவிட்டார். பெட்டி துள்ளி என் காலடியில் வந்து நின்றது. மீன்தான் சிதறியது. சந்தை நடுவில் கத்திவிட்டேன்.

நானா பெட்டியை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "ஒடயல்ல. ஆனா நாத்தமடிக்குது."

"மீன் சந்தையில நிண்டுகொண்டோ சொல்லுறீங்க?"

"மீன் நாத்தம் பழகினது மகன். இது புதுசு. அத எடுங்க, இருநூறு பெட்டி எனக்கு."

இனி:
1. உருக்கும் இயந்திரத்திலேயே, நாற்றம் தரும் பெரொக்சைட் ஆவியை உறிஞ்சி எடுக்க வழி செய்ய வேண்டும்.
2. இருபத்துநான்காவது கலவைக்கு முதலாளியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. சொன்னால் போதும்.
3. சப்பாத்தைக் கழுவ வேண்டும். என்ன மீன் வாங்கினாய் என்று அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.