பிரிந்த கணவரின் ஒப்புதல் கடிதம்

அனுப்புநர்:
மருந்துக் கடை உரிமையாளர்,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
அதிகாரி அவர்கள்,
மருந்துக் கடை உரிமப் பிரிவு.

பொருள்: கடை உரிமத்தைப் புதுப்பிக்க, பிரிந்து வாழும் கணவரின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கடை என் பெயரில் உள்ளது. மருந்தாளுநரான என் கணவர் உரிமத்தில் பொறுப்பாளர். கடை தொடங்கிய மறு ஆண்டே நானும் அதே படிப்பை முடித்துப் பதிவு பெற்றேன். ஆயினும் அவர் பெயரே தொடர்ந்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை, நானும்தான்.

2. பிறகு அவர் வேறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சென்ற ஆண்டு நான் மகளுடன் வீட்டைவிட்டு வந்தேன். அதன் காரணம் இம்மனுவுக்குத் தேவையற்றது. என் இடது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

3. புதுப்பிக்கும்போது பொறுப்பாளராக என் பெயரைச் சேர்க்கக் கோரினேன். பழைய பொறுப்பாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்றார் பிரிவு எழுத்தர். சம்பளத்துக்கு இருக்கும் மருந்தாளுநரை முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் நீக்கிவிடக் கூடாது என்பதற்கான விதி அது; நல்ல விதிதான். என் நிலையைச் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். கொஞ்சம் அனுசரிச்சுப் போயி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். உட்கார நாற்காலியும் போடச் சொன்னார்.

4. போனேன். தட்டச்சு செய்து கொண்டுபோன கடிதத்தை என் கணவர் இரண்டு முறை படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "மொதல்ல பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்து சேரு. அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்" என்றார். என் மாமியார் வாசல்வரை உடன் வந்தார். செருப்பு மாட்டும்போது, உள்ளே கேட்காத குரலில், "அவன் போட மாட்டாம்மா. அதுக்காக நீ இங்க திரும்பி வந்துடாத" என்றார். என் கணவரைப் பெற்ற தாயின் வார்த்தை என்பதால் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. இம்மாத இறுதியில் உரிமம் முடிகிறது. முடிந்தால் குளிர்பெட்டியிலுள்ள இன்சுலின் முதல் இருமல் மருந்துவரை திருப்பி அனுப்ப வேண்டும். நானும் மகளும் கடையின் மாடியறையில்தான் இருக்கிறோம். கடை போனால் அறையும் போகும். பிறகு எங்களுக்கு மிஞ்சுவது அந்த வீடு ஒன்றுதான்.

6. எனக்குச் சலித்துவிட்டது, ஐயா. யாரையும் தண்டிக்கச் சொல்லி இம்மனுவை எழுதவில்லை. அக்கடிதத்துக்குப் பதிலாக என் பதிவுச் சான்றையும், அவர் வேறிடத்தில் பணிபுரிவதற்கான ஆதாரத்தையும் ஏற்று உரிமத்தைப் புதுப்பித்துத் தர வேண்டுகிறேன். முடியாதென்றால், எந்த விதியின்படி முடியாது என்பதை எழுத்தில் தந்தால் போதும், மேலிடத்தில் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கையெழுத்துக்காக இன்னொரு முறை அந்த வீட்டுப் படியேற இயலாது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: கடையிலிருந்து
நாள்: மார்ச் 14

(கையொப்பம்)
மருந்துக் கடை உரிமையாளர்,
பதிவு பெற்ற மருந்தாளுநர்