பச்சைப் பாக்கெட்டின் மேல் கருப்பு வட்டம்

பிப்ரவரி 9

கால் விரல் புண் இன்னும் ஆறவில்லை.

இதை நான் எழுதவில்லை. வாயால் சொல்கிறேன், மகள் கொடுத்த போன் எழுதிக்கொள்கிறது. சரியாகத்தான் எழுதுகிறதா என்று பார்க்க எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கொஞ்சம் மரியாதையாகவே பேசி வைக்கிறேன். நம்பித்தானே ஆகவேண்டும்? வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்த காலத்திலும் டப்பாவை நிறம் பார்த்துத்தான் எடுப்பேன். படிக்கிற வேலையெல்லாம் அவளுடையது. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் என் மனைவி வாயிலிருந்து வந்தால்தான் எனக்கு எழுத்து.

அவள் போய் வருஷம் திரும்பப் போகிறது.

பிப்ரவரி 14

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது பெரியவரே. இப்படியே போனா அந்த விரலை எடுக்க வேண்டி வரும்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒளிச்சு வச்சுத் திங்கறீங்களாப்பா?"

"உங்கம்மா மேல சத்தியமா இல்ல. பச்சைப் பாக்கெட் பிஸ்கட் மட்டும்தான். அது சர்க்கரை போடாதது."

"அதுன்னா பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் அலமாரியைத் திறந்து பார்த்தாள். பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். நான் எங்கேடி பொய் சொன்னேன்!

பிப்ரவரி 20

சலூனில் ஒரே சண்டை. இனிப்பு அதிகமாக இருக்கிற பாக்கெட்டில் எல்லாம் கருப்பு வட்டம் போடச் சொல்லி அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறதாம். சலூன்காரர் ஒரு ஆளின் பாதித் தாடையோடு நின்றுவிட்டார். "இன்னிக்கு பிஸ்கட்டு. நாளைக்கு டீயில எத்தனை ஸ்பூன் போடறேன்னு அளக்க ஆபீசர் வருவான். நம்ம வாய்க்கு அவன் என்ன காவல்காரனா?"

"அண்ணே, முதல்ல இந்தப் பக்கத்தையும் சிரைச்சிடுங்க" என்றான் நாற்காலியில் இருந்தவன்.

"அதான் உள்ள என்ன இருக்குன்னு பின்னாடி அச்சடிச்சிருக்கானே. படிச்சுப் பாத்து வாங்க வேண்டியது அவனவன் பொறுப்பு!" என்றார் சலூன்காரர்.

"அதானே! என் நாக்குக்கு நான்தான் முதலாளி" என்று நானும் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

படிச்சுப் பாக்கணுமாம்.

பிப்ரவரி 21

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அவள் ஞாபகம்.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த வருஷம் அவள் வீட்டையே கோட்டையாக்கிவிட்டாள். கடையில் நான் எதைத் தொட்டாலும் திருப்பிப் பார்ப்பாள். "வேணாம். இதுவும் வேணாம். வைங்க கீழ." நான் ஒரு நாள் டீ டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். நானே வெள்ளையடித்த சுவர். சோற்றையும் வெறுத்துக் கிடந்தேன். எண்ணி நாலாம் நாள் ஒரு பச்சைப் பாக்கெட்டோடு வந்தாள். மேலே இலைப் படம். நல்ல பச்சை, ஜன்னலுக்கு அடிக்கிற பச்சை.

"இது உங்களை மாதிரி ஆளுங்களுக்கே செய்யறது. சர்க்கரை கிடையாது."

"அப்புறம் எப்படிடி இனிக்குது?"

"அதெல்லாம் மருந்து இனிப்பு. தினம் ரெண்டுதான். மேல போனா வயித்தைப் பிடிக்கும்."

அன்றிலிருந்து சாயங்காலம் டீயோடு சாஸரில் இரண்டு. மூன்றாவதற்குக் கை நீட்டினால் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. அந்தத் தட்டு இப்போது கிடைக்குமா?

மார்ச் 3

மகள் கட்டு மாற்றினாள். போகும்போது என் தலையணைக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்தாள்.

மார்ச் 12

கடைக்குப் போனேன். வழக்கம் போல வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பச்சைப் பாக்கெட்டைக் கையில் வாங்கினேன். இலைப் படத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருப்பு வட்டம்.

"தம்பி, தப்பா குத்திட்டாங்க போல. இது சர்க்கரை இல்லாததாச்சே?"

கடைக்காரர் முழித்தார். "யாரு சொன்னா?"

"எங்க வீட்டுல."

தராசைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார். "இது சாதா பிஸ்கட்டுதான் ஐயா. அம்மாவுக்குத் தெரியும். 'அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நான் ரெண்டுக்கு மேல விடமாட்டேன்'னு சொல்லியிருந்தாங்க. நீங்க இத்தனை நாளா வாங்கறப்ப, வீட்டுல எல்லாருக்கும்னு நினைச்சேன்..."

எல்லாருக்குமா? அவள் போனபிறகு வீட்டுக்குப் போகிற வழியில் கோயில் திண்ணையிலேயே உட்கார்ந்து, போர் அடித்தால் ஒன்று, அழுகை வந்தால் ஒன்று என்று முழுப் பாக்கெட்டையும் முடித்துவிட்டுத்தானே எழுந்திருக்கிறேன். வயிறு ஒரு நாளும் பிடிக்கவில்லையே என்று ஆச்சரியம் வேறு.

மார்ச் 13

கோபம் வருகிறது. படிக்கத் தெரியாதவன் என்பதால்தானே ஏமாற்றினாய்? இத்தனை வருஷம் நீ படித்ததில் எது நிஜம்? பத்திரிகையில் மாப்பிள்ளை பெயராவது சரியா?

கேட்டால் சிரிப்பாள். "சாப்பிட்டீங்கல்ல?" என்பாள்.

ஆமாம், சாப்பிட்டேன். நீ இருந்தவரை விரலும் நன்றாக இருந்தது.

மார்ச் 15

மகளிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா என்னையும் சேர்த்துல்ல ஏமாத்தியிருக்கா. நானும் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுப் பாத்ததே இல்ல. நான் உங்களைத் திருடன்னு நினைச்சுட்டேனேப்பா."

பிஸ்கட்டை இனிமேல் வாங்கவே வேண்டாமா என்று கேட்டேன்.

"வட்டம்தான் உங்களுக்கே தெரியுதே. நீங்களே பாத்துக்கங்க."

ஏப்ரல் 22

புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. விரல் தப்பித்தது என்றார் டாக்டர்.

சலூன்காரர் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார். "என்னண்ணே, நம்ம கட்சியை விட்டுட்டீங்களா?" என்றார்.

"முதலாளி நான்தான்யா. ஆனா கடையில என்ன இருக்குன்னு முதலாளிக்குத் தெரிய வேணாமா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 23

இன்றோடு வருஷம் ஆகிறது.

சாயங்காலம் டீ போட்டேன். அவளுடைய சாஸரை எடுத்துத் துடைத்தேன். பச்சைப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்திருந்தேன். கருப்பு வட்டத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். ஒன்று எடுத்துக்கொண்டு, மீதியை மகளிடம் ஆபீசுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன்.

சர்க்கரைதான். நல்ல சர்க்கரை. இத்தனை வருஷமும் இதே ருசிதான் இருந்திருக்கிறது.