எலாதியோ நின்ற இடம்

அமெரிக்கா
9 மே 1967

அன்புள்ள நிக்காசியோ,

நலம்தானே? நேற்று என்னைப் பெரிய பேஸ்பால் அணியில் இறக்கிவிட்டார்கள். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே, நாம் இருவரும் சின்ன வயதிலிருந்து போட்டி போட்ட அதே இடம். ஒரு பந்தையும் விடவில்லை. இங்கே மே மாதத்திலும் குளிர்கிறது. வறுத்த வாழைக்காய்க்கு நாக்கு ஏங்குகிறது. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று எல்லோரும் வந்தார்கள், நீ மட்டும் வரவில்லை. ஒரு வரியாவது எழுது.

உன் எலாதியோ


சான் பெத்ரோ தெ மாக்கோரிஸ்
21 நவம்பர் 1976

அன்புள்ள எலாதியோ,

ஒன்பது வருஷம் கழித்துப் பதில் போடுகிறேன், திட்டாதே. சர்க்கரை ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறேன். பந்தைத் தடுப்பதில் சிறந்தவனுக்குத் தரும் தங்கக் கையுறை விருது உனக்கு ஐந்தாவது முறையாகக் கிடைத்த செய்தி வானொலியில் வந்ததும் ஆலையில் ஒருத்தரும் வேலை செய்யவில்லை.

"என்னடா, இங்க கல்யாணமா நடக்குது?" என்று மேலாளர் கத்தினார்.

"கல்யாணம் தினமும் நடக்கும் முதலாளி, இது நடக்குமா?" என்றான் கரும்பு நிறுப்பவன். அவரும் சிரித்துவிட்டார்.

குளிர்காலத்தில் ஊருக்கு விளையாட வருகிறாய். என் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாயாம், பக்கத்து வீட்டுப் பசிலிசா பார்த்திருக்கிறாள். கட்டியவள் கேட்கிறாள், நான் என்ன சொல்ல? என்மேல் என்ன கோபம்?

நிக்காசியோ


மில்வாக்கி
3 அக்டோபர் 1983

நிக்காசியோ,

நேற்று என் கடைசி ஆட்டம். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

உன்மேல் கோபம் இல்லையடா, பயம். 1966-ல் ஆள் எடுக்க வந்த அமெரிக்கர், நம் இருவரில் ஒருவரைத்தான் எடுப்பேன் என்றாரே. அன்று காலை உன் விரல் வீங்கியிருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று எனக்கு மட்டும் காட்டினாய். நான் நேராக அவரிடம் போனேன். "அவனுக்கு விரல் உடைஞ்சிருக்கு, மறைக்கிறான்" என்று சொன்னேன். அவர் உன்னைக் களத்தில் இறக்கவே இல்லை.

இந்தப் புகழெல்லாம் உன்னுடையது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

எலாதியோ


சான் பெத்ரோ தெ மாக்கோரிஸ்
20 அக்டோபர் 1983

அன்புள்ள எலாதியோ,

எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த அமெரிக்கரே என்னிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷம் வீட்டில் உன் பேரை யாரும் எடுக்க விடவில்லை. 1968 டிசம்பரில், நீ பந்தைக் கோட்டைவிடுவதைப் பார்க்கவேண்டும் என்றே நம் ஊர் மைதானத்துக்குப் போனேன். ஏழாவது சுற்றில் ஒருவன் அடித்த பந்து, எறிந்தவன் காலில் பட்டு வலப்பக்கம் திரும்பியது. நீ அதற்குள் இடப்பக்கம் பாய்ந்திருந்தாய். ஓட்டத்திலேயே உடம்பைத் திருப்பினாய், வெறுங்கையால் பந்தை அள்ளினாய், கால் தரையில் படுவதற்கு முன்பே எறிந்தாய். ஓடியவன் முதல் தளத்துக்கு இரண்டடி முன்னால் அவுட். பக்கத்திலிருந்த வேர்க்கடலைக்காரி, "இவன் மனுஷன்தானா?" என்று என்னைக் கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். பத்து விரலும் சரியாக இருந்திருந்தாலும் அந்தப் பந்தை நான் தொட்டிருக்கவே முடியாது.

அன்றோடு கோபம் போய்விட்டது. நீயாகச் சொல்லட்டும் என்று வீம்பாகக் காத்திருந்தேன், அது என் தப்பு. நீ செய்ததும் தப்புதான். ஆனால் நீ வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அவர் உன்னைத்தான் எடுத்திருப்பார். இது தெரியாமலே பதினேழு வருஷம் விளையாடியிருக்கிறாயே, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் நிக்காசியோ