மொட்டை மாடியில் கவிழ்த்த பானைகள்

என் அருமை மச்சான்,

நீங்கள் போய் ஆறு மாசமாகிவிட்டது. உங்கள் தங்கச்சி இன்றைக்குத்தான் உங்கள் படத்தைச் சட்டம் போட்டு வாங்கி வந்தாள். ஆணி அடித்தவன் நான். படம் கோணலாகத் தொங்குகிறது. ஒரு கொத்தனார் படத்துக்கா இந்தக் கதி என்று சிரிப்பீர்கள். சிரித்து முடியுங்கள், உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்பத்தெட்டில் ராஜபாளையத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது நமக்குள் நடந்த சண்டை ஞாபகமிருக்கிறதா? தெருவில் எல்லோர் வீட்டையும் போல எனக்கும் வெறும் காங்கிரீட் போதும் என்று நின்றேன். அதன்மேல் மண்பானைகளைக் கவிழ்த்து, இடையில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் நிரப்பி, மேலே தட்டை ஓடு பதிக்கலாம் என்றீர்கள்.

"மாப்ள, நீங்க ராத்திரி ஷிப்ட் பாத்துட்டுப் பகல்ல தூங்குத மனுசன். வெறும் காங்கிரீட்டு உங்கள வறுத்து எடுத்துரும். பானைக்குள்ள காத்து நின்னா சூடு கீழ எறங்காது."

மாடியில் பானைக்கடையா வைக்கப் போகிறீர்கள் என்று நக்கலடித்தேன். என் பிடிவாதம்தான் ஜெயித்தது.

அடுத்த சித்திரையிலேயே நொந்துபோனேன். ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தாலும் தூக்கம் வராது. மில்லில் மிஷின் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகி, கை உள்ளே போகப் பார்த்தது. இன்னொரு தடவை தூங்கினால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன்?

உங்களை நான் கூப்பிடவில்லை. உங்கள் தங்கச்சி சொல்லித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டிராக்டர் நிறையப் பானையோடு வந்து இறங்கினீர்கள். எங்கள் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"காலிப் பானையத் தலைக்கு மேல கவுத்தா குடும்பம் வெளங்குமாய்யா?"

நீங்கள் மல்லுக்கட்டவில்லை. "அப்பன்னா ஒவ்வொண்ணுக்கும் மஞ்சள் தடவிப் பொட்டு வச்சுத் தாங்க அத்தை, பொறவு கவுக்கேன்."

பொழுது சாயும்வரை அம்மா உட்கார்ந்து அத்தனை பானைக்கும் பொட்டு வைத்தாள். கடைசியில் அவளே எண்ணி எண்ணி எடுத்துக் கொடுத்ததுதான் வேடிக்கை.

பூச்செல்லாம் காய்ந்தபின் ஒருநாள் காலையில் படுத்தேன் பாருங்கள், சாயங்காலம்தான் எழுந்தேன். சோற்றுக்கு எழுப்பியதுகூடத் தெரியவில்லை. அன்றைக்கு நீங்கள் வந்து, "எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டீர்கள். தோற்றதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. "சுமாராத்தான் இருக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லை வைத்து, வேலையில் ஏதோ குறை என்று நினைத்து, வருசா வருசம் பங்குனியில் பஸ் ஏறி வந்து, உச்சி வெயிலில் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள். இறங்கி வந்து, "இப்பத் தேவலையா?" என்பீர்கள். நானும் பட்டும் படாமலும் தலையாட்டினேன். வேறு யார் வீட்டிலும் நீங்கள் பானை கவிழ்க்கவில்லை. அண்ணனுக்கு அந்த வேலை சரியாக வரவில்லை என்று தங்கச்சியே நம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் குறையோடுதான் போனீர்களா மச்சான்?

மூத்தவள் நர்ஸாகிவிட்டாள். அவளுக்கும் இப்போது நைட் டியூட்டி. காலையில் வந்து நான் தூங்கிய அதே அறையில் படுத்தால் நாலு மணிக்குத்தான் கண் விழிக்கிறாள். பார்க்கவே சந்தோசமாக இருக்கிறது.

நேற்று, சேத்தூரில் வீடு கட்டப்போகும் மில் கூட்டாளியைச் சாப்பிடக் கூப்பிட்டு, மத்தியானம் அந்த அறையிலேயே படுக்க வைத்தேன். குறட்டை தெருவரைக்கும் கேட்டது. எழுந்ததும், "இத யாருய்யா போட்டது?" என்றார்.

"எங்க மச்சான். இதுக்குக் கீழதான் எங்க குடும்பமே நிம்மதியாத் தூங்குது."

அடுப்படியிலிருந்து தங்கச்சி வெளியே வந்தாள். "இத எங்கண்ணங்கிட்ட ஒரு தடவையாவது சொல்லிருக்கலாம்லா?" என்றாள்.

சேத்தூர் வீட்டுக்கு உங்களிடம் வேலை பார்த்த ஆட்கள்தான் பானை கவிழ்க்கப் போகிறார்கள், பேசி முடித்துவிட்டேன். முதல் நாள் நான் போய் நிற்பேன். கேட்கிறவர், கேட்காதவர் எல்லோரிடமும் உங்கள் பேரைச் சொல்லுவேன். இது சத்தியம்.

முதல் நாளிலிருந்தே குளிர்ச்சியாகத்தான் இருந்தது மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்