கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை

முதுநகர், கடலூர்
15-11-1966

ஜனாப் கிபாயத்துல்லா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கையெழுத்தைப் பார்த்து சர்புன்னிசா பதற வேண்டாம். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் தங்கையைக் கட்டியவர் என்ற முறையில் உங்களுக்கு இதை நான் எழுதவில்லை. வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு வரும் 'சனிக்கு அப்பால்' நாடகத்தை நீங்களும் விடாமல் கேட்பதாக என் மகள் மெகருன்னிசா சொன்னாள். அவள் அங்கே வந்து போவதை நான் தடுத்ததில்லை. எனக்கும் உங்களுக்கும் உள்ளது எனக்கும் உங்களுக்கும்தான்.

விஷயம் இதுதான். போன ஞாயிறு மழையும் காற்றுமாக இருந்தது. உத்திராபதியின் டீக்கடையில் நாங்கள் இருபது பேர் நனைந்துகொண்டு ரேடியோ முன்னால் நின்றோம். நாடகம் தொடங்கும் நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பம் வரை ஒரு விளக்கு இல்லை. மறுநாள் காலையில்தான் வந்தது. இந்த ஊரில் பதினோராம் பகுதியைக் கேட்டவர் என்று ஒருவரும் இல்லை.

பத்தாம் பகுதி எங்கே நின்றது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கோளின் நிலாவில் இன்ஜினீயர் சேந்தன் பாறைக்கு அடியில் கால் மாட்டிக் கிடக்கிறான். அவன் குழாயில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. வானத்திலிருந்து கல்மழை வருகிறது. கேப்டன் இளமாறன் கப்பலைக் கிளப்பும் விசையில் கை வைத்துவிட்டான். கிளப்பினால் மற்றவர்கள் பிழைப்பார்கள், சேந்தன் சாவான். இருவருக்கும் மூன்று வாரமாகப் பேச்சு இல்லை என்பது வேறு. கேப்டன் என்ன செய்தான்?

கடையில் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். நாடகத்தில் வரும் விஞ்ஞானத்துக்கு அங்கே விளக்கம் சொல்லுகிறவன் நான்தான். தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லை.

உங்கள் வீட்டு விருந்தில் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நாலு பேர் ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிடும்போது, மனிதன் நிலாவில் இறங்கத்தான் போகிறான் என்று சொன்னேன். "மூணாங்கிளாஸ்ல வாத்தியார் சொல்லிக் குடுத்தாரா மச்சான்?" என்று கேட்டீர்கள். சஹனில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எடுத்த சோற்றைத் திரும்ப வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம் ரஷ்யாக்காரன் நிலாவில் கருவியை மெத்தென்று இறக்கியே விட்டான். அப்போதும் உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

பதிலுக்கு இன்லண்டு லெட்டர் ஒன்றை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் செலவில் எனக்குப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
மு. அப்துல் வதூது
கயிறு, தார்ப்பாய் வியாபாரம்


சிதம்பரம்
19-11-1966

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கவரைத் தபால்காரர் கொடுத்ததும் சர்புன்னிசா அதை வாங்கி, எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். நான் பிரித்துப் படித்ததும், "அதே அண்ணன்தான், ஒண்ணும் மாறல" என்று சொல்லிச் சந்தோஷமாக உள்ளே போனாள். நீங்கள் வைத்த இன்லண்டு பத்தாது. அதனால் என் காகிதத்திலேயே எழுதுகிறேன். மன்னிக்கவும்.

பதினோராம் பகுதி இதுதான்.

கேப்டன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டான். விண்வெளி உடையை மாட்டினான். கப்பலில் இருந்த டாக்டரம்மா மறித்துக்கொண்டு, "நீங்க போயிட்டா கப்பலை யாரு ஓட்டுறது?" என்றாள். "அவன் இல்லாம ஓட்டிக்கிட்டு எங்க போறது?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து போய்விட்டான்.

வெளியே சேந்தன் குழாயில் காற்று தீர்ந்துவிட்டது. கேப்டன் தன் குழாயைக் கழற்றி அவன் உடையில் செருகினான். சேந்தன் இரண்டு மூச்சு வாங்கியதும் அதைப் பிடுங்கித் தானும் இரண்டு மூச்சு. இப்படியே ஒரே குழாயில் மாறி மாறி மூச்சு விட்டுக்கொண்டு இருவரும் பாறையைத் தள்ளினார்கள். சேந்தன், "என் மேல இருந்த கோவம் என்னாச்சு?" என்று கேட்டான். அதற்குக் கேப்டன், "கோவத்தைக் கப்பல்லயே வச்சுட்டு வந்துட்டேன்டா. திரும்பிப் போனதும் வேணும்னா எடுத்துக்கலாம்" என்றான். பாறை புரண்டது. கல்மழைக்கு முன் கப்பல் கிளம்பிவிட்டது.

அன்று எங்கள் கூடத்தில் ஒரு இருமல் இல்லை. பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாடியில் குடியிருக்கும் காலேஜ் மாணவர் சடையப்பன் எதையும் குறை சொல்லுகிறவர். அவரே, "சார், இது இங்கிலீஷ்காரனுக்குக்கூட தோணாது சார்" என்றார். சர்புன்னிசா மட்டும், "இதக் கேட்டா அண்ணன் என்ன சொல்லுவாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டும்.

என்றும் அன்புள்ள,
கிபாயத்துல்லா


முதுநகர்
22-11-1966

மாப்பிள்ளை கிபாயத்துல்லா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம்.

மற்றபடி, மாப்பிள்ளை, அது நாடகம்! எனக்கு வயது அறுபத்து நாலு. எத்தனையோ கூத்து, எத்தனையோ சினிமா பார்த்திருக்கிறேன். ஒரு மனிதன் இன்னொருவனிடம் கோபமும் விடாமல் ஆளையும் விடாமல் இருப்பதை எவனும் இப்படிக் காட்டியதில்லை. எழுதினவன் யாரோ, அவன் வீட்டில் விளக்கெரியட்டும்.

உங்கள் கடிதத்தைக் கடையில் மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை உத்திராபதி பாலைப் பொங்க விட்டுவிட்டான். துறைமுகத்தில் படகு ஓட்டும் பழனிவேல், "அதான் பாய் ஆம்பளை" என்று மேசையைத் தட்டியதில் இரண்டு கிளாஸ் உடைந்தது. மீன்காரி ரத்தினம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "எங்க ஊட்டுக்காரரும்தான் கோவிச்சுக்கிட்டுப் போறாரு. குழாயைப் புடுங்கிக்கிட்டில்ல போறாரு!" என்றாளே பார்க்கலாம், கடை அதிர்ந்தது.

பழனிவேல் ஒரு சந்தேகம் கேட்டான். "காத்தே இல்லாத எடத்துல ரெண்டு பேரும் பேசுனது எப்டி பாய் கேட்டுது?" நல்ல கேள்வி. தலைக்கவசமும் தலைக்கவசமும் முட்டிக்கொண்டிருந்தால் ஓசை அதன் வழியாகப் போகும். ஆகவே அவர்கள் நெற்றியோடு நெற்றி சேர்த்துத்தான் பேசியிருக்க வேண்டும் என்று சொன்னேன். அதை நாடகத்தில் சொல்லாமல் விட்டது இன்னும் உயர்வு. பாறையை இரண்டு பேர் புரட்டியதும் சரியே. அந்தச் சின்ன நிலாவில் எதற்கும் கனம் ஜாஸ்தி இராது.

நேற்று முன்தினம் பன்னிரண்டாம் பகுதி கேட்டோம். கேப்டனும் சேந்தனும் சேர்ந்துதான் வந்தார்கள். பாறையில் நடந்ததைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. சாதித்தவன் பேசிக்கொண்டிருக்க மாட்டான் என்று நான் கடையில் எடுத்துச் சொன்னேன்.

ரேடியோ நிலையத்தாருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு நேயர் கடிதம் வாசிப்பார்கள். நீங்களும் கேளுங்கள்.

சர்புன்னிசாவிடம் சொல்லுங்கள், அண்ணன் நல்லது என்று சொன்னார் என்று.

இப்படிக்கு,
அப்துல் வதூது


சிதம்பரம்
25-11-1966

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் படித்து இந்த வீடே சிரித்துக் கிடந்தது. தில்லையம்மாளுக்கு ரத்தினம்மாளைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

ஆனால் நிலையத்தாருக்கு எழுதியிருக்க வேண்டாமே மச்சான். நம் வீட்டுப் பேச்சாகவே இருந்திருக்கலாம். வருகிற கடிதங்களில் எல்லாவற்றையுமா வாசிக்கப் போகிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வந்தால் என்ன? நேரில் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. மத்தியான பாசஞ்சரில் ஏறினால் போதும்.

அன்புள்ள,
கிபாயத்துல்லா


முதுநகர்
5-12-1966

ஜனாப் கிபாயத்துல்லா அவர்களுக்கு,

நேற்று என் கடிதத்தை வாசித்தார்கள். பெயர், ஊர், தெரு எல்லாம் சொல்லி, ஒரு வரி விடாமல் வாசித்தார்கள். கடையில் எல்லாரும் என் முதுகைத் தட்டினார்கள். பிறகு அந்த அறிவிப்பாளர் பேசினார். "நேயர் எழுதியிருப்பது போன்ற காட்சி எதுவும் அந்தப் பகுதியில் இல்லை. கப்பலில் உள்ள எந்திர மனிதன் பாறையைத் தூக்கி எறிந்து இன்ஜினீயரை மீட்டதாகத்தான் வந்தது. பெரியவர் கனவு கண்டிருப்பார் போலிருக்கிறது. அழகான கனவு."

உங்கள் சஹனில் இரண்டு பேர் சிரித்தார்கள். நேற்று கடை முழுக்கச் சிரித்தது. நல்ல முன்னேற்றம்.

மூணாங்கிளாஸ்காரன் எதைச் சொன்னாலும் நம்புவான் என்றுதானே? இனிமேல் கடிதம் போட வேண்டாம்.

மு. அப்துல் வதூது


சிதம்பரம்
8-12-1966

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

போட வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்.

கரண்ட் உங்கள் ஊரில் மட்டும் போனது என்று நினைத்துவிட்டீர்கள். அன்று சிதம்பரமும் இருட்டுதான். பதினோராம் பகுதியை நானும் கேட்கவில்லை.

உங்களை ஏமாற்றக் கட்டிய கதை இல்லை அது. அன்று ராத்திரியே எங்கள் கூடத்தில் சொன்ன கதை. சிமினி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எல்லாரும் ரேடியோவையே பார்த்து உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வரவில்லை, ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. "என்ன ஆயிருக்கும், நீங்கதான் சொல்லுங்களேன்" என்று தில்லையம்மாள் என்னைக் கேட்டார். கேப்டன் விசையை இழுத்திருப்பான், சேந்தன் கதை முடிந்திருக்கும் என்று சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது. அப்போது சர்புன்னிசா அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, "அதெப்புடி? எங்க அண்ணனா இருந்தா வெளிய போயிருப்பாரு. திட்டிக்கிட்டேதான் போவாரு, ஆனா போவாரு" என்றாள்.

மீதியை அவள் சொல்லச் சொல்லத்தான் நாங்கள் கேட்டோம். ஒரே குழாய் அவள் சொன்னது. கோபத்தைக் கப்பலில் வைத்துவிட்டு வந்ததும் அவள் சொன்னது. தில்லையம்மாள் அழுததும் சடையப்பன் மெச்சியதும் நான் எழுதியபடியே நடந்தவை. நான் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று, கரண்ட் போனது.

மூன்று வருஷம் கழித்து உங்களிடமிருந்து ஒரு கவர் வந்தது. "நானும் கேட்கவில்லை" என்று நான் எழுதியிருந்தால், இரண்டாவது கவர் வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

ரஷ்யாக்காரன் நிலாவில் இறக்கிய அன்று சர்புன்னிசா நிலாப் படம் போட்ட பேப்பரை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். "எங்க அண்ணன் சொன்னது" என்றாள். எடுத்த சோற்றை நானும் திரும்ப வைத்தேன். எழுத உட்கார்ந்தேன், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னது சரி மச்சான். நாங்கள் சிரித்ததுதான் தப்பு.

நோன்பு வருகிறது. ஒரு நாளாவது இங்கே வந்து நோன்பு திறக்கக் கூடாதா? சர்புன்னிசா கேட்கச் சொன்னாள்.

கிபாயத்துல்லா


முதுநகர்
20-12-1966

மாப்பிள்ளைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதத் தாமதம் ஆனதற்குக் காரணம் கோபம்தான். வேறு காரணம் தேட வேண்டாம்.

நன்றாக யோசித்துவிட்டேன். நான் எழுதியதில் தப்பு இல்லை. ரேடியோக்காரர்கள்தான் தப்பு.

எந்திர மனிதன் பாறையைத் தூக்கி எறிந்தானாம். எந்தக் கையால் எறிந்தான்? ஏழாம் பகுதியில் நெருப்புக் குழியில் அவனுடைய இரண்டு கையும் உருகிப் போனது. அதற்குப் பிறகு அதை யாரும் சரி செய்ததாக ஒரு வார்த்தை வரவில்லை. பாறையைத் தள்ளக் கையில் பலம் இருந்த ஒரே ஆள் இளமாறன். ஆகவே அவன்தான் வெளியே போயிருக்க முடியும். சர்புன்னிசா கரண்ட் இல்லாமலே கேட்டதை அவர்கள் கரண்ட் வைத்துக்கொண்டு கெடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு கடையில் நின்று இதைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். கை உருகியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பழனிவேல்தான் முதலில் எழுந்தான். "ஆமா பாய், நானே கேட்டேன், ரெண்டு கையும் போச்சுன்னு அன்னிக்கே சொன்னான்." உத்திராபதி, "அப்ப பாய் சொல்றதுதான் கதை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். ரத்தினம்மாளிடம் அதை இட்டுக்கட்டியது என் தங்கை என்று சொன்னேன். "பொம்பளை சொன்னதா? அதான் குழாயைப் பங்கு போட்டுருக்கு" என்றாள். இப்போது அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் ரேடியோ கதை ஒன்று, சிதம்பரத்துக் கதை ஒன்று, இரண்டும் வேண்டுமாம். அந்த உருகிய கையைப் பற்றி நிலையத்தாருக்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. இருக்காது.

நீங்கள் கரண்ட் போனதை மறைத்தது மறைத்ததுதான். அதில் நான் ஒரு அணுவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிலா விஷயத்தில் நான் சொன்னது சரி என்று எழுதியதைப் பார்த்தேன். அந்தக் காகிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வரும் ஞாயிறு மத்தியான பாசஞ்சரில் வருகிறேன். நோன்பு திறந்துவிட்டு ஏழு மணிக்கு நாடகம் கேட்கலாம். அது முடிந்ததும் உண்மையில் என்ன நடந்தது என்று சர்புன்னிசா சொல்லட்டும். கோபத்தைக் கடையில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன். திரும்பி வந்ததும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும். சஹனில் என் பக்கம் எலும்பில்லாத கறியாக வைக்கச் சொல்லுங்கள். முன்பல் இரண்டு போய்விட்டது. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அண்ணன்,
அப்துல் வதூது