கணக்கில் மட்டும் ஃபெயில்

11 ஜூன் 2007, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. சத்துணவுக் கூடத்தில் இரண்டு மாதத் தூசி. கழுவி முடிக்கவே இடுப்பு ஒடிந்தது. மதியம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். "அமைப்பாளரம்மா வர மே மாசம் ரிட்டயர் ஆவுறாங்க. நீ உள்ளூரு, ஒன்பது வருஷமா சமையல் உதவியாளரா இருக்க. பத்தாவது பாஸ்னா அந்த எடத்துக்கு எழுதிப் போடலாம். பாஸ்தானே?"

"கணக்குல மட்டும் சார்..."

"மட்டும்னா?"

"ஃபெயில்."

91 மார்ச்சில் இருபத்திரண்டு மார்க். மற்ற நாலு பாடமும் அப்போதே பாஸ். பதினாறு வருஷமாக அந்த 'மட்டும்' என்னோடு குடித்தனம் பண்ணுகிறது. இப்போது முப்பத்திரண்டு வயதில் திரும்ப எழுதுவதா? எழுதினால் என்ன?

24 ஜூன்

சிதம்பரம் போய் டுடோரியலில் கைடு வாங்கினேன். கிராஃப் ஒன்று, ஜியாமெட்ரி ஒன்று பழகினால் இருபது மார்க் நிச்சயமாம். "அல்ஜீப்ராவ புரிஞ்சிக்கணும்னு ஒக்காராதீங்க. இந்தப் பன்னண்டு கணக்க மனப்பாடம் பண்ணிடுங்க, போதும்" என்றார்கள். மனப்பாடமா? அதில் என்னை யாரும் அடிக்க முடியாது.

வீட்டில் ஓரகத்தி சிந்துஜா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா படிக்கிறீங்க?" புத்தகத்தை மூடிவிட்டேன். கொழுந்தன் கட்டிவந்த பி.எஸ்சி. கணக்கு மகாராணி. போன பொங்கலுக்கு வந்த விருந்தாளிகள் எதிரில், "அக்கா பத்தாவது ஃபெயிலுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள். அன்றிலிருந்து அவளிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை.

3 ஆகஸ்ட்

ஏழு கணக்கு மனப்பாடம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் உட்கார்ந்ததும் ஒப்பித்தேன். செவ்வகத் தோட்டம், நீளம் அகலத்தைவிட ஐந்து மீட்டர் அதிகம், பரப்பு எண்பத்து நாலு. அகலம் ஏழு, நீளம் பன்னிரண்டு. "நான் ரைஸ் மில்லுல மோட்டார் பாக்குறவன். எனக்கு இன்னா தெரியும், நல்லாத்தான் சொல்ற" என்றார்.

28 செப்டம்பர்

பரீட்சை முடிந்தது. தோட்டக் கணக்கே வந்தது! அல்ஜீப்ரா முழுக்கத் தெரிந்த கணக்குகள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஊருக்கு, புவனகிரிக்கு, பஸ் ஏறினேன்.

14 நவம்பர்

முப்பத்தொன்று.

நாலு மார்க். நாலே நாலு.

15 நவம்பர்

அழுதுகொண்டிருந்தபோது சிந்துஜா கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துரத்தக்கூடத் தெம்பில்லை. "தோட்டக் கணக்குக்கு என்ன விடைக்கா எழுதுனீங்க?" சொன்னேன். கேள்வித்தாளில் விரலை வைத்து ஒருமுறை படித்தாள்.

"அக்கா, இதுல அஞ்சு மீட்டர் இல்ல. நாலு மீட்டர். பரப்பு தொண்ணூத்தாறு."

வாங்கிப் பார்த்தேன். கண்ணெதிரே அச்சடித்திருக்கிறது. தோட்டம் என்ற சொல்லைப் பார்த்ததுமே கைடில் இருந்ததைக் கொட்டியிருக்கேன்! இன்னும் ரெண்டு கணக்கும் அப்படியே. எவன் தோட்டத்தையோ அளந்து எவனுக்கோ குடுத்துட்டு வந்திருக்கேன். கோடு வேற போட்டேனே, ஸ்கேல் வச்சி!

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "பொங்கல் அன்னிக்கு தெரியாம சொல்லிட்டேங்க்கா. நீங்க பேசாம இருந்தப்பதான் புரிஞ்சுது. மார்ச்சுக்கு நான் சொல்லித்தரட்டுமா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

6 டிசம்பர்

மூன்று வாரமாக மண்டையில் ஏறவில்லை. எக்ஸ் என்றால் யார், எங்கிருந்து வந்தான், ஏன் என் உயிரை வாங்குகிறான்? இன்று சிந்துஜா, நான் மறந்துவிட்டுப் போன செல்போனைக் கொடுக்கப் பள்ளிக்கு வந்தாள். நான் உலை ஏற்றிவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு எத்தினி புள்ளைங்கக்கா?"

"ஹெட்மாஸ்டர் ரூம்லேர்ந்து சீட்டு வந்தாத்தான் தெரியும்."

"தெரியாமயே ஒல வெச்சிட்டீங்க?"

"வெக்காம? தலைக்கு நூறு கிராம், சீட்டு வந்ததும் அளந்து போட வேண்டியதுதான்."

"அந்தத் தெரியாத எண்ணுதாங்க்கா எக்ஸ். தெரியலன்னு நீங்க வேலைய நிறுத்தல இல்ல? சீட்டு வரும்னு நம்பி மேல மேல செய்றீங்க."

கையில் அரிசியோடு அப்படியே நின்றேன். இத்தனை வருஷம் தினமும் செய்ததற்கு இப்படி ஒரு பேர் இருப்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லையே!

22 ஜனவரி 2008

இருசம்மாள் அம்மாவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். எங்கள் சமையல்காரர். கைநாட்டு. பாத்திரம் தேய்ப்பது என் வேலை. ஒரு மாதமாக என்னைத் தொடவிடுவதில்லை. "அடியே மலரு, போயி அந்த எக்ஸ போடுடி. குண்டான நான் பாத்துக்கறேன்" என்கிறார். கிழிசல் சாக்கை விரித்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் தினம் ஒன்றரை மணி நேரம் படிக்கிறேன். அவர் முழங்கால் வீக்கம் எனக்குத் தெரியும். எப்படித் தீர்ப்பேன் இந்தக் கடனை?

17 பிப்ரவரி

சிந்துஜாவுக்கு வளைகாப்பு. முதல் வளையல் நான்தான் போட்டேன். கடலூர், மஞ்சக்குப்பம், அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆட்டோ ஏறும்போது காதில் சொன்னது: "காரணிப்படுத்துறத விட்றாதீங்க."

9 மார்ச்

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணி ஒரு கணக்கு சொல்கிறாள். எண்களை எல்லாம் அவளே மாற்றிவிடுகிறாள், கைடில் இருக்கும் ஒன்றைக்கூடத் தருவதில்லை. எட்டாவது மாதம், மூச்சு வாங்குகிறது, பின்னால் அவள் அம்மா திட்டுவதும் கேட்கிறது. இவளையா நான் ஒரு வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்தேன்?

1 ஏப்ரல்

பரீட்சை. தோட்டம் வரவில்லை. அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களின் பெருக்கல் பலன் 168. நான் பார்த்தே இராத கணக்கு. ஒரு எண் எக்ஸ், அடுத்தது எக்ஸ் கூட்டல் இரண்டு என்று எழுதினேன். அதற்குப் பிறகு பேனா தானாகப் போனது. பன்னிரண்டு, பதினாலு. பெருக்கிப் பார்த்தேன், 168!

பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தேன். "மைனஸ் பதினாலும் வருமேக்கா, எழுதுனீங்களா?" அது வந்தது, நான்தான் அடித்துவிட்டேன். மைனஸ் பதினாலு பிள்ளைகள் எங்கேயாவது சாப்பிட வருவார்களா என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டே பார்த்தது.

30 மே

ஐம்பத்தெட்டு! பிரவுசிங் சென்டரில் நம்பரை மூன்று முறை தட்டச் சொன்னேன். நேராக மஞ்சக்குப்பம் போனேன். ஐந்து வாரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிந்துஜா மார்க் பிரிண்டைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சாப்ட்டியாடி?" என்றுதான் வந்தது.

22 செப்டம்பர், திங்கள்

அமைப்பாளராக முதல் நாள், அதே பள்ளி. பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது வாசலில், "டீச்சர், அரிசி அளந்து குடுங்க" என்று ஒரு குரல். சத்துணவு அமைப்பாளரை டீச்சர் என்றுதான் ஊரே கூப்பிடும். ஆனால் கூப்பிட்டது இருசம்மாள் அம்மா. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்னம்மா இது? எப்பவும் போல மலருன்னே கூப்பிடுங்க."

"போ டீச்சர். புள்ளைங்க கேட்டுக்கினு நிக்குதுங்க. உன்ன மலருன்னு கூப்புடறதுக்கா நான் அத்தினி குண்டான் கழுவுனேன்?"

எழுந்து போய் அரிசி அளந்து கொடுத்தேன். இன்று எழுபத்து மூன்று பிள்ளைகள்.